பனியில் பழைய கார்: வன்னியம்பட்டியிலிருந்து மூணாறு வரை

வன்னியம்பட்டியில் பனி என்றால், அதிகாலையில் காரின் பின்கண்ணாடியில் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதலாம். அவ்வளவுதான். வெயில் கொஞ்சம் ஏறியதும் எழுதிய பெயரும் இருக்காது, பனியும் இருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது இந்த ஊர். இரண்டு நகரங்களுக்கும் இடையே மொத்தத் தூரமே சுமார் 12 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் வன்னியம்பட்டி விலக்கு வந்து போய்விடும். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அங்கேதான் இருக்கிறது. திருமங்கலத்தில் கிளம்பிக் கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போகிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் மாலை போட்ட பக்தர்களின் வண்டிகள் செங்கோட்டை நோக்கி வரிசைகட்டும். மார்கழியில் விடிவதற்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்களின் வண்டிகள் எதிர்த்திசையில் வரும்.

இந்தப் பக்கத்து ஊர்களில் தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், தார்ப்பாய் போர்த்திய ஓர் அம்பாஸடரையோ மாருதி 800-ஐயோ இன்றும் பார்க்கலாம். அப்பா வாங்கியது, தாத்தா ஓட்டியது என்று விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்கும் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் அது குறையில்லாமல் ஓடுகிறது. அரையாண்டு விடுமுறையோ பொங்கல் விடுமுறையோ வந்து, ‘மூணாறுல பனி கொட்டுதாம், போவோமா?’ என்று பிள்ளைகள் கேட்கும்போதுதான் வீட்டில் யோசனை வருகிறது. இந்தக் காரில் போகலாமா?

போகலாம். ஆனால், அதற்கான பதில் மூணாறில் இல்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, வன்னியம்பட்டியிலேயே கிடைத்துவிட வேண்டும். குளிர், காரில் புதிதாக எதையும் கெடுப்பது அபூர்வம். வெயில் ஏற்கெனவே கெடுத்து வைத்திருப்பதைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது.

ஒரே சொல், நான்கு பனி

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். தமிழில் எல்லாமே பனிதான். புல்லில் முத்து முத்தாக நிற்பதும் பனி, மலைப்பாதையை மறைக்கும் மேகமும் பனி, மூணாறில் தேயிலைச் செடி மீது உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடப்பதும் பனி, காஷ்மீரில் முழங்கால் அளவுக்குக் குவிவதும் பனி.

காருக்கு இந்த நான்கும் நான்கு வெவ்வேறு விஷயங்கள். இரவுப் பனித்துளி கண்ணாடியை மறைக்கும். மூடுபனி சாலையை மறைக்கும். உறைபனி, பேட்டரியையும் ஆயிலையும் சோதிக்கும். பனிப்பொழிவு டயரின் பிடியையே பறித்துவிடும். வன்னியம்பட்டியில் கிளம்பி மூணாறு போகும் கார் முதல் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடும்.

வெயில் காப்பாற்றியதும், கெடுத்ததும்

வன்னியம்பட்டி மாதிரியான காய்ந்த ஊரில் பழைய காருக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. தகரம் சீக்கிரம் துருப்பிடிக்காது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அரித்துத் தின்னும் அடித்தட்டு, இங்கே பல ஆண்டுகள் தாங்குகிறது. காரைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்து, ‘நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்லத் தோன்றுவது அதனால்தான்.

வெயில் கெடுப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. முதலாவது, பேட்டரி. குளிரில்தான் பேட்டரி செத்துப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெப்பம்தான். கோடையில் உள்ளே தகடுகள் அரிக்கப்படுகின்றன, தண்ணீர் வற்றுகிறது. அப்படிப் பாதி பலத்தோடு இருக்கும் பேட்டரியும் 25 டிகிரி காலையில் ‘செல்ஃப்’ எடுத்துவிடும். அதே பேட்டரி 0 டிகிரிக்குப் போனால், நல்ல நிலையில் இருந்தாலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். ஏற்கெனவே பாதியாக இருந்தால்? மூணாறில் விடியற்காலை ‘டொக்’ என்ற ஒரு சத்தம் மட்டும்தான் கேட்கும்.

இரண்டாவது, ரேடியேட்டர். இந்தப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் அதில் வெறும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள். போர்வெல் தண்ணீராக இருந்தால் உப்பு படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவிகிதம் விரிவடையும். கடுங்குளிர் நாடுகளில் இன்ஜின் பிளாக்கே விரிசல்விட இதுதான் காரணம். மூணாறில் விடியலுக்கு முன் ஓரிரு மணி நேரம் மட்டும் 0 டிகிரியைத் தொட்டுவிட்டு வரும் குளிரில் அந்த அளவுக்கு ஆபத்து வருவது அரிது. ஆனாலும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றிக் கிளம்புவதே நல்லது. பாதி கூலன்ட், பாதி சுத்தமான தண்ணீர் என்ற கலவை மைனஸ் 30 டிகிரிக்குக் கீழேயும் உறையாது. அதோடு, வெறும் தண்ணீரைவிடத் தாமதமாகத்தான் கொதிக்கும். மலை ஏறும்போது அந்தக் குணமும் உதவும்.

மூன்றாவது, தெர்மோஸ்டாட் வால்வு. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்துவைக்கும் சின்ன கதவு இது. வெயில் ஊர்களில் ‘ஹீட் ஆகுது’ என்று வண்டியைக் கொண்டுபோனால், இதைக் கழற்றித் தூரப் போட்டுவிடும் பழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. சமவெளியில் அதன் குறை தெரியாது. குளிரில் இன்ஜின் சூடேறவே நேரம் பிடிக்கும், வண்டி திணறும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். உங்கள் காரில் அந்த வால்வு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நான்காவது, ரப்பர். ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், வைப்பர் பிளேடு எல்லாமே வெயிலில் காய்ந்து கட்டியாகியிருக்கும். ஹோஸை அமுக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். வைப்பரைத் தண்ணீர் தெளித்து ஓட்டிப் பார்த்தால் கோடு விழுவது தெரியும். இரண்டுமே சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

ஐந்தாவது, சோக். கார்புரேட்டர் வைத்த வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கும். குளிரில் பெட்ரோலைக் கெட்டியாகக் கலந்து கொடுப்பதற்காக வைத்தது. அம்பாஸடரின் மூலவண்டியான மோரிஸ் ஆக்ஸ்போர்டு, குளிர் தேசமான இங்கிலாந்தில் பிறந்தது. 1950-களின் கடைசியில் அந்த வடிவமே மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாஸடராகத் தயாராகத் தொடங்கி, 2014 மே மாதம்வரை ஓடியது. பிறந்த ஊரில் தினமும் தேவைப்பட்ட அந்தக் குமிழ், இங்கே ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் கேபிள் இறுகிக் கிடக்கிறது. கிளம்பும் முன் நான்கு சொட்டு எண்ணெய் விட்டு, இழுத்துப் பாருங்கள்.

ஏறும்போது கொதிக்கும்

வன்னியம்பட்டியிலிருந்து மூணாறுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், டி.கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி என்று போகலாம். பழைய காரில், டீ குடிக்க நிறுத்தி நிறுத்திப் போனால் காலையில் கிளம்பி மாலைக்குள் சேரலாம். அவசரம் வேண்டாம். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும்போது வண்டி எப்படி இழுக்கிறது என்று கவனியுங்கள். அந்தச் சின்ன ஏற்றத்திலேயே வெப்ப முள் மேலே போனாலோ, கிளட்ச் வழுக்கினாலோ, தேனியில் ஒரு பட்டறையைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். போடிக்கு மேலே உதவி கிடைப்பது சிரமம்.

போடியைத் தாண்டியதும் முந்தல். அங்கிருந்து மலை. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். உறைபனியை நினைத்துக் கிளம்பிய காருக்கு இங்கே வருவது எதிர்ச் சோதனை. மதிய வெயிலில், ஆள் நிறைந்து, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கி ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். வெப்ப முள் சிவப்பைத் தொட்டால், அகலமான இடத்தில் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும். மூடியைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, தடிமனான துணியைப் போட்டுத் திறக்கலாம். அதுவரை பிள்ளைகளுக்கு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். கீழே போடி மலையடிவாரம் அழகாகத் தெரியும்.

பழைய பெட்ரோல் வண்டிகளில் வேறொரு தொல்லையும் வரும். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்றுவிடும். பம்ப் மீது ஈரத்துணியைச் சுற்றிவைத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். பழைய டிரைவர்கள் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு பழந்துணியும் ஒரு கேன் தண்ணீரும் வைத்திருந்தது இதற்காகத்தான்.

போடிமெட்டில் மூடுபனி

மேலே போனால், வெயில் அணைந்ததுபோல் சட்டென்று மூடுபனி இறங்கும். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. இங்கே பலர் செய்யும் தவறு, ஹை பீம் போடுவது. அந்த வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பி ஓட்டுபவரின் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம்தான் சரி. மஞ்சள் நிற ஃபாக் லைட் இருந்தால் இன்னும் நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுவதும் தவறு. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று தெரியாது.

பழைய கார்களில் ஏ.சி-யோ, கண்ணாடியில் ஆவியை நீக்கும் வசதியோ பெரும்பாலும் இருக்காது. ஐந்து பேரின் மூச்சுக்காற்றில் உள்கண்ணாடி மங்கிவிடும். எல்லா ஜன்னல்களையும் இறுக்கி மூடிக்கொண்டால் இன்னும் மோசமாகும். இரண்டு பக்கமும் இரண்டு விரல்கடை அளவுக்குத் திறந்துவைத்தால் உள்ளே காற்று ஓடும், கண்ணாடி தெளியும். முந்தின நாளே உள்பக்கத்தில் சோப்பை லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டால் ஆவி சீக்கிரம் படியாது. ஜன்னல் திறந்திருப்பதில் இன்னொரு லாபம், வளைவில் எதிரே வரும் வண்டியின் ஹாரன் காதில் விழும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பதையும் மறக்கக் கூடாது.

போடிமெட்டில் கேரள எல்லை. அங்கிருந்து பூப்பாறை, ஆனையிறங்கல், தேவிகுளம் வழியாக மூணாறுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். இந்தப் பாதை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு பயணம் எளிதாகிவிட்டது. ஆனால் அகலமான சாலை, வேகமாக ஓட்டச் சொல்லும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய அம்பாஸடருக்கு அந்த வேகம் ஆகாது.

மூணாறில் ஒரு விடியல்

மூணாறு, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் செண்டுவரை, லட்சுமி, கன்னிமலை, சைலன்ட் வேலி எஸ்டேட்களின் பக்கம் உறைபனி விழும். விடியும்போது புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. எஸ்டேட் தொழிலாளர்களுக்கோ அது தேயிலை கருகும் கவலை. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள் என்பதால், வழி கேட்கவோ வண்டியைத் தள்ளிவிட ஆள் கேட்கவோ மொழிச் சிக்கல் வராது.

இரவு காரை நிறுத்தும்போதே மறுநாள் காலையை யோசிக்க வேண்டும். இறக்கத்தைப் பார்த்தபடி, முன்னால் தடையில்லாத இடத்தில் நிறுத்தினால், பேட்டரி கைவிட்டாலும் உருட்டி ஸ்டார்ட் செய்யலாம். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. ஈரமான பிரேக் குளிரில் இறுகி ஒட்டிக்கொள்ளலாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுப்பது பாதுகாப்பு. பானெட் மீது ஒரு சாக்கோ போர்வையோ போர்த்துவது பழைய டிரைவர்களின் வழக்கம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அதை எடுத்துவிட வேண்டும். வைப்பரைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவைத்தால் உறைந்து ஒட்டாது.

காலையில் கண்ணாடி வெளுத்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் சூடு பட்டால் விரிசல் விழும். பிளாஸ்டிக் ஸ்கேலோ, பழைய ஏ.டி.எம் கார்டோ போதும், சுரண்டிவிடலாம்.

பிறகு ஸ்டார்ட். கார்புரேட்டர் வண்டியில் சோக்கை முழுதாக இழுத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். கிளட்சை மிதிப்பதால் கெட்டியாகிக் கிடக்கும் கியர் ஆயிலைச் சுற்றும் பாரம் ஸ்டார்ட்டருக்கு இருக்காது. ஐந்து, பத்து விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து திருப்பக் கூடாது. அரை நிமிடம் விட்டு மறுபடி முயல வேண்டும். டீசல் வண்டியாக இருந்தால் ஹீட்டர் பிளக் சூடாக அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். வண்டி உயிர்பிடித்ததும் ஆக்ஸிலரேட்டரை உறுமவிடுவது தவறு. வன்னியம்பட்டியின் சூட்டுக்கென்று ஊற்றிய 20டபிள்யூ-50 மாதிரியான கெட்டி ஆயில், குளிரில் இன்னும் கெட்டியாகி மேல்பாகங்களுக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும். ஒரு நிமிடம் நிதானமாக ஓடவிட்டு, மெதுவாகக் கிளப்பி, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்தால் பிளக்கில் கரி அடையும், பெட்ரோலும் வீணாகும்.

டயரையும் ஒருமுறை பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் காற்று நிரப்பிய டயர், 0 டிகிரிக்கு வரும்போது ஐந்து பி.எஸ்.ஐ அளவுக்கு இழக்கும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் அதில் கொஞ்சம் ஈடாகி, மொத்தத்தில் மூன்று பி.எஸ்.ஐ வரை குறைவாகக் காட்டும். மூணாறில் காற்றுப் பிடித்தால், சமவெளிக்கு இறங்கிய பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

காருக்குள் தூங்காதீர்கள்

விடுமுறை நாள்களில் மூணாறில் ரூம் கிடைப்பது கஷ்டம். ‘ஒரு ராத்திரிதானே, காருக்குள்ளயே படுத்துக்கலாம்’ என்று தோன்றும். குளிர் தாங்காமல் ஜன்னலை மூடி, இன்ஜினை ஓடவிட்டுப் படுப்பவர்களும் உண்டு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அது இதுவாக இருக்கட்டும்: இன்ஜின் ஓடும் காருக்குள் தூங்கக் கூடாது.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய காரில் சைலன்ஸர் குழாயில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும். காரின் அடித்தட்டில் ரப்பர் அடைப்பு விட்டுப்போயிருந்தால் போதும். வாயு உள்ளே வரும். தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். தூக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. பிள்ளைகளைத்தான் முதலில் தாக்கும்.

பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் 2022 ஜனவரியில் நடந்ததை உலகமே பார்த்தது. பனிப்பொழிவைப் பார்க்கப் போன குடும்பங்களின் கார்கள் சாலையிலேயே சிக்கிக்கொண்டன. ஒரே இரவில் 20-க்கும் மேற்பட்டோர் வண்டிகளுக்குள்ளேயே இறந்துபோனார்கள். அதில் பலரின் உயிரைப் பறித்தது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. சைலன்ஸர் வாயைப் பனி அடைத்துவிட்டால் புகை வெளியேற வழியில்லாமல் உள்ளே திரும்பும்.

எனவே, ரூம் கையில் இல்லாமல் மலை ஏறாதீர்கள். கிளம்பும் முன் பட்டறையில் வண்டியைத் தூக்கி, மேனிஃபோல்டிலிருந்து சைலன்ஸர் முனைவரை புகை கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறு எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

நிஜப் பனியில் என்ன செய்கிறார்கள்?

மூணாறு, ஊட்டி, கொடைக்கானலில் விழுவது உறைபனி. வானத்திலிருந்து பஞ்சுபோல் கொட்டும் பனியைப் பார்க்க வடக்கே போக வேண்டும். இமாசலத்தில் 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, மணாலியிலிருந்து லாஹௌலுக்குப் போகும் கூட்டம் பெருகிவிட்டது. பனி விழுந்த நாள்களில் அந்த வழியில் நான்கு சக்கர இழுவை வண்டிகளையும், டயரில் சங்கிலி மாட்டிய வண்டிகளையும் மட்டுமே போலீஸார் அனுமதிப்பது வழக்கம். சங்கிலியை எந்தச் சக்கரத்தில் மாட்டுவது? இன்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அதில். அம்பாஸடருக்குப் பின்சக்கரம், மாருதி 800-க்கு முன்சக்கரம்.

லடாக்கில் டீசலே கெட்டியாகிவிடும். டீசலில் இயல்பாக இருக்கும் மெழுகு கடுங்குளிரில் உறைந்து ஃபில்டரை அடைக்கும். டேங்குக்கு அடியில் தீ மூட்டிச் சூடாக்கும் ஆபத்தான பழக்கம்கூட டிரைவர்களிடம் இருந்தது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை அங்கே அறிமுகப்படுத்தியது.

கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் தமிழர்களுக்கு இதெல்லாம் ஆண்டுதோறும் வரும் வேலை. நவம்பர் பிறந்ததும் குளிர்கால டயருக்கு மாறுகிறார்கள். சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும், குளிர்கால டயர் மென்மையாகவே இருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் சட்டப்படி கட்டாயம். பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு, காரின் அடிப்பாகத்தை அரிப்பதால் அடிக்கடி கீழ்ப்பக்கம் கழுவுகிறார்கள். பழைய கார் அங்கே துருவில்தான் சாகிறது. வன்னியம்பட்டி வெயிலில் 30 ஆண்டுகளாக நிற்கும் அம்பாஸடரின் தகரத்தைப் பார்த்தால் அவர்களுக்கு ஆச்சர்யமாகத்தான் இருக்கும்.

வழுக்கும் சாலையில் ஓட்டும் முறை எங்கும் ஒன்றுதான். எதையும் திடீரென்று செய்யக் கூடாது. பிரேக், ஆக்ஸிலரேட்டர், ஸ்டீயரிங் எல்லாமே மென்மையாக. இரண்டாவது கியரில் கிளப்பினால் சக்கரம் சுழன்று வழுக்காது. இந்தியாவில் புதிய கார்களில் ஏ.பி.எஸ் கட்டாயமானது 2019-ல்தான். அது இல்லாத பழைய காரில் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். விட்டு விட்டு மிதிக்க வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி வேண்டும்.

இறக்கம்தான் கடைசிப் பரீட்சை

பனியைப் பார்த்து, போட்டோ எடுத்து, டீத்தூளும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். பழைய காருக்கு அப்போதுதான் உண்மையான ஆபத்து. போடிமெட்டின் 17 வளைவுகளும் இப்போது இறக்கம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, இன்ஜினை அணைத்து உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் முழுப் பாரமும் பிரேக் மீது விழும். பிரேக்குக்கு பூஸ்டர் உள்ள கார்களில், இன்ஜின் நின்றதும் பெடல் கல்லாகிவிடும்.

டிரம் பிரேக் தொடர்ந்து தேய்ந்தால் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வரும். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஆயிலில் சேர்ந்த ஈரம், அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஏறிய அதே கியரில் இறங்குவது பழைய விதி. இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தி, விட்டுவிட வேண்டும். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான டிரம் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆகவே, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பட்டறைக்குப் போகும்போது சொல்ல வேண்டிய பட்டியல் நீளமானது அல்ல. பேட்டரியை பாரம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள். பிரேக் லைனிங், வீல் சிலிண்டர், பிரேக் ஆயில் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சைலன்ஸர் கசிவு, டயர், ஸ்டெப்னி, வைப்பர், விளக்குகள். 15 ஆண்டு தாண்டிய காராக இருந்தால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். மூணாறுக்குப் பதில் ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் பார்த்த பிறகு, ‘இந்த பிரேக்கோட மலைக்குப் போகாதீங்க’ என்று மெக்கானிக் சொன்னால், அதை அவருடைய பயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கார் கொட்டகையிலேயே இருக்கட்டும். தேனியிலிருந்தும் போடியிலிருந்தும் மூணாறுக்கு பஸ் இருக்கிறது. ஜன்னலோர சீட் கிடைத்தால் ஓட்டுகிறவரும் சேர்ந்து பனியைப் பார்க்கலாம். பிரேக் வேலையைப் பொங்கல் கழித்து முடித்துவிட்டால், அடுத்த மார்கழிக்கு அந்த அம்பாஸடரே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகும்.